எட்டு மணி மாத்திரை

மார்ச் 3, திங்கள்

சர்க்கரை காலையில் 121, மாலையில் 134. காய்ச்சல் இல்லை. மாத்திரை காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் போட்டாச்சு.

இந்த நோட்டைக் கொடுத்த பெல்சி சிஸ்டர், "தினமும் நாலே விஷயம் எழுதுங்கக்கா. சர்க்கரை எவ்வளவு, காய்ச்சல் உண்டா, மாத்திரை போட்டாச்சா, வேற எதாவது இருக்கா" என்றார். முதல் மூன்றும் ஒரு வரியில் முடிந்துவிட்டன. நாலாவதுதான் ஆபத்து. என்னிடம் 'வேற எதாவது இருக்கா' என்று கேட்ட யாரும் இதுவரை சீக்கிரம் வீடு திரும்பியதில்லை. பெல்சி நாகர்கோயில்காரர். என் பேச்சு அவருக்கு இன்னும் பழகவில்லை.

பெயர் யுவராணி, வயது நாற்பத்தொன்று. பெருந்துறையில் பார்லர் வைத்திருக்கிறேன். பதினோரு வயதிலிருந்து இன்சுலின் ஊசி. எட்டு வருஷமாக ஒரு புதுத் தொல்லையும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்கு வேர்க்கும், படபடக்கும். எனக்கு ஒன்றுமே தெரியாது, நேரே விழுவேன். போன வருஷம் ஒரு டீச்சருக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தபோது, பல்லில் நூலோடு அப்படியே சாய்ந்துவிட்டேன். டீச்சர் ஒரு புருவத்தோடு மட்டும் பள்ளிக்கூடம் போனார். அதற்குப் பிறகுதான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இந்தப் புது வைத்தியத்துக்குப் பெயர் பதிந்தோம்.

இறந்துபோன யாரோ ஒருவரின் கணையத்திலிருந்து, இன்சுலின் சுரக்கிற செல்களை மட்டும் பிரித்தெடுத்து, குழாய் வழியாக என் கல்லீரலுக்குள் விட்டார்கள். கத்தியும் தையலும் இல்லை. ஒரு பையில் கலங்கின தண்ணீர் மாதிரி தொங்கியது, அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. முப்பது வருஷ வியாதிக்கு இவ்வளவு சாதாரணமாக ஒரு வைத்தியமா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

என் கணவர் குழந்தைவேலு மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பது வேலை. வீட்டுக்கு வந்தால் என்னைப் பார்ப்பார். இன்றைக்கு மட்டும் ஒன்பது முறை "எவ்வளவு?" என்று கேட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை எழுத இந்த நோட்டில் கட்டம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

சர்க்கரை 117, 140. காய்ச்சல் இல்லை. போட்டாச்சு.

என் நங்கையா தெய்வானை, அதாவது அவருடைய அக்கா, ஈரோட்டிலிருந்து வந்தார். கையில் ஒரு பெரிய தூக்குப்போசி.

"ஒடம்புல எதிர்ப்புச் சக்தி சுத்தமா இல்லைன்னு கேள்விப்பட்டேன். பதினெட்டு மூலிகை போட்டுக் காச்சியிருக்கறேன். வெறும் வயித்துல ஒரு டம்ளரு குடி சாமி."

எனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? ஊரே ஒரு பக்கம் நின்று என் சக்தியை ஏற்றப் பார்க்கிறது. எதிர்வீட்டிலிருந்து லேகியம், மருந்துக் கடைக்காரரிடமிருந்து ஒரு பொடி, என் பார்லரில் வேலை செய்யும் ஹசீனாவின் அம்மாவிடமிருந்து தேனில் ஊறிய பூண்டு. இறக்கிவைக்க நான் ஒருத்திதான் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"குடுங்கக்கா, நான் சுடவெச்சுக் குடுக்கறேன்" என்று இவர் போசியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வந்து, "நல்லாக் குடிச்சுப்போட்டாளுங்க்கா" என்றார். நான் அக்காவின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு வசதி.

மார்ச் 16, ஞாயிறு

112, 129. இல்லை. போட்டாச்சு. வாயில் புண். ரசம்கூட எரிகிறது. இதனால் நான் குறைவாகப் பேசுவதாக இவர் டாக்டருக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

மார்ச் 22, சனி

109, 126. இல்லை. போட்டாச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். இந்த மாத்திரை எதற்கு என்று இவருக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. டாக்டர் இளம்பரிதி படம் வரைந்து காட்டியும் தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்ததும் பெல்சிதான் விளக்கினார்.

"அண்ணே, கல்யாண மண்டபத்துல வாசல்ல ஒரு பெரியவர் நிப்பாரு பாத்திருக்கியளா? வர்றவங்க எல்லார்ட்டயும் 'நீங்க பொண்ணு வீடா, மாப்பிள வீடா'ன்னு கேப்பாரு. ரெண்டும் இல்லன்னா வெளிய தள்ளிருவாரு. அக்கா ஒடம்புல அந்தப் பெரியவர் ரொம்ப உசாரு. சின்ன வயசுல சொந்த வீட்டு ஆளையே வெரட்டி விட்டவரு. இப்ப வந்திருக்க செல்லு யாரோட வீடும் இல்ல. அவரு அதைப் பாத்திரக்கூடாது. மாத்திரை அவரைத் தூங்க வைக்கும். ஒரு நேரம் தப்பிச்சுன்னா முழிச்சிருவாரு."

"எத்தன நாளைக்குங்க தூங்க வைக்கோணும்?"

"அக்கா இருக்க வரைக்கும்."

பஸ்ஸில் வரும்போது இவர் டிக்கெட்டை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்ற சின்ன மாமனாட்டமே இருக்குது அந்தப் பெரியவரு" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

104, 122. இல்லை. போட்டாச்சு.

முகக்கவசத்தோடு பார்லரைத் திறந்தேன். நான் இல்லாதபோது ஹசீனா தனியாகச் சமாளித்திருக்கிறாள். பத்து வருஷமாக என்னோடு இருக்கிறவள், கூட்டாளி மாதிரிதான். நூலைப் பல்லில் கடித்துப் புருவம் எடுப்பது இனிமேல் கூடாது என்பது பெல்சியின் உத்தரவு. நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுக்கப் பழகுகிறேன்.

கை லேசாக நடுங்குகிறது. மாத்திரையால் அப்படி வரலாம் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். லேசாகத்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

101, 115. இல்லை. போட்டாச்சு.

பெல்சி சிஸ்டர், இன்றைக்குப் பெரிய எழுத்தில் எழுத அனுமதி உண்டா? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவந்த இன்சுலினை இன்றோடு நிறுத்தச் சொல்லி டாக்டர் போன் செய்தார். வருஷப் பிறப்புக்கு யார் யாருக்கோ புதுப் புடவை கிடைத்திருக்கும். எனக்கு ஊசி இல்லாத ஒரு நாள் கிடைத்தது. முப்பது வருஷத்தில் முதல் முறையாக, சாப்பிட உட்கார்ந்தவள் சட்டையைத் தூக்காமல் சாப்பிட்டேன்.

இவர் ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்துப் பெட்டியை எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. இந்த எடத்துல இனி தக்காளி வெச்சுக்கலாம்."

சந்தோஷம்தான். எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

99, 118. இல்லை. போட்டாச்சு.

சர்க்கரை சரியாகிவிட்டதால் வீட்டில் ஒருவருக்கு வேலை போய்விட்டது. இன்று காலை இவர் மிக்சியைக் கழற்றி மாட்டினார். மத்தியானம் கடிகாரத்தைக் கழற்றினார். சாயங்காலம் என்னைப் பார்த்து, "எவ்வளவு?" என்றார். நூற்றுப் பதினெட்டு என்றேன். "நல்லா இருக்குதல்லோ?" என்றார். நல்லா இருக்குதுங்க என்றேன். "அப்ப சரி" என்று மிக்சியை மறுபடி கழற்றினார்.

இவர் ஆபீசில் ராமேஸ்வரம் டூர் போகிறார்களாம். பன்னிரண்டு வருஷமாக எந்த டூருக்கும் போகாதவர். இந்த முறையாவது போய் வாங்க என்றேன். "நீ தனியா எப்படி இருப்பே?" என்றார். மிக்சியோடு இருப்பேன் என்றேன். சிரிக்கவில்லை.

மே 10, சனி

103, 120. இல்லை. போட்டாச்சு.

பார்லருக்கு அபூர்வா வந்திருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது முதல்முதலாக என்னிடம்தான் புருவம் திருத்திக்கொண்டாள். இப்போது ஜூன் ஐந்தாம் தேதி அவளுக்குக் கல்யாணம்.

"அலங்காரத்துக்கு மாப்ள வீட்ல ஆரையோ சொல்லியிருக்கறாங்கக்கா. அவங்க என்னமோ பண்ணிக்கட்டும். புருவம் மட்டும் நீங்கதான். வேற ஆரையும் தொட உட மாட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகு ஹசீனாவை உட்காரவைத்து எடுத்துப் பார்த்தேன். முடித்ததும் அவள் கண்ணாடியை வாங்கி முகத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு புருவம் கேள்வி கேக்குது. இன்னொண்ணு பதில் சொல்லுது."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் வீட்டுக்குப் போனதும் நூல்கண்டை எடுத்து என் முழங்காலிலேயே முப்பது முறை பழகினேன். முழங்கால் சிவந்துபோனது.

மே 20, செவ்வாய்

102, 119. இல்லை. போட்டாச்சு. மாதாந்திர ரத்தப் பரிசோதனை. மாத்திரையின் அளவு ரத்தத்தில் சரியாக இருக்கிறதாம். கை எப்படி இருக்கிறது என்று பெல்சி கேட்டார். லேசாக என்றேன்.

மே 24, சனி

105, 121. இல்லை.

மாத்திரை போட்டாச்சு.

மே 26, திங்கள்

104, 124. காய்ச்சல் இல்லை. காலை எட்டு மணிக்குப் போட்டாச்சு, இரவு எட்டு மணிக்கும் போட்டாச்சு. இரண்டு வேளையும் போட்டாச்சு.

மே 28, புதன்

107, 126. போட்டாச்சு என்றால் போட்டாச்சு.

இவர் இன்று அலமாரியைச் சுத்தம் செய்தார். மருந்து டப்பாவைத் துடைக்கும்போது என்னை ஒரு முறை பார்த்தார். நான் சீப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தலையில்தான் இருந்தது.

மே 31, சனி

110, 131. இல்லை. போட்டாச்சு.

கை நன்றாக நிற்கிறது! உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டது என்று நினைக்கிறேன். ஹசீனா தன் புருவத்தை மறுபடி நம்பி ஒப்படைத்தாள். இந்த முறை இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்டன.

ஜூன் 5, வியாழன்

116, 152. காய்ச்சல் இல்லை. போட்டாச்சு.

சிஸ்டர், மாலை எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், கல்யாணச் சாப்பாடு. நேற்று காலை அபூர்வா வீட்டுக்குப் போய்ப் புருவம் எடுத்தேன். பெண்ணுக்குக் கல்யாணப் பதற்றத்தில் இமை துடித்துக்கொண்டே இருந்தது. என் கை துடிக்கவில்லை. முடித்ததும் கண்ணாடியில் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பெரியம்மா, "ஊசி போட்டுட்டு இருந்த பொண்ணுதான நீயி? இப்பக் கையப் பாரு, கல்லாட்டம் நிக்குது" என்றார்.

மண்டபத்தில் எட்டடி தள்ளி ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார் இவர். தும்முகிறவர்களை எல்லாம் முறைத்தார். மாப்பிள்ளையின் தாய்மாமனே ஒரு முறை பயந்து எழுந்து போனார். போட்டோவில் எல்லோரும் அபூர்வாவின் நகையைப் பார்ப்பார்கள். நான் எதைப் பார்ப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

ஜூன் 8, ஞாயிறு

138, 174. காய்ச்சல் இல்லை. போட்டாச்சு. நேற்றிலிருந்து கை மறுபடி லேசாக நடுங்குகிறது, அதனால் போட்டாச்சு என்பதை நம்பலாம்.

மாம்பழம் சாப்பிட்டேன். இரண்டு கீற்று. சர்க்கரை பார்க்கிற மெஷினும் பழசு.

ஜூன் 9, திங்கள்

151, 188. மாம்பழம் சாப்பிடவில்லை. இவர் புது மெஷின் வாங்கி வந்தார். அதில் 191.

இன்று முழுவதும் இவர் "எவ்வளவு?" என்று கேட்கவே இல்லை.

ஜூன் 11, புதன்

நேற்று ரத்தம் கொடுத்தோம். இன்று மத்தியானம் பெல்சி போன் செய்தார். வழக்கமான 'அக்கா, சாப்டாச்சா' இல்லை.

"மாத்திரை அளவு ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா செல்லு சுரக்கது பாதிக்கு வந்திருச்சு. இந்த மாசத்துல எதாவது வேள தவறிச்சா? நோட்டுல எல்லாம் போட்டாச்சுன்னு எழுதியிருந்தியளே."

இவர் எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நரம்பு உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"ராத்திரி வேளைங்க" என்றேன். "ராத்திரி எட்டு மணி மாத்திரைய பதினாலு நாளுங்க சிஸ்டர். மே இருவத்திநாலுல இருந்து ஜூன் ஆறு வரைக்கும் போடல. கை நடுங்குச்சுங்க. ஒரு கல்யாணப் பொண்ணு..."

பெல்சி திட்டுவார் என்று காத்திருந்தேன். "இப்பவே கெளம்பி வாங்க. துணிமணி எடுத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

வார்டு. கையில் குழாய்.

டாக்டர் இளம்பரிதி காலையில் வந்தார். உடம்பு அந்தச் செல்களை அடையாளம் கண்டு தாக்க ஆரம்பித்துவிட்டதாம். நிறுத்துவதற்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

"யாரோ ஒருத்தர் சாகும்போது குடுத்துட்டுப் போனதுங்க டாக்டர். புருவத்துக்காக அதைக் கொன்னுட்டேனுங்களா?"

அவர் என் நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "கை 'லேசா' நடுங்குதுன்னு எழுதியிருக்கீங்க. நாலு எடத்துல 'லேசா'. வேலையே செய்ய முடியலன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் மாத்திரைய மாத்தியிருப்பேன்மா. ஒரே வேளை போடற வகை ஒண்ணு இருக்கு. அதுல நடுக்கம் கம்மி. நாங்க மருந்து குடுக்கறது நீங்க சொல்றத வெச்சுத்தான்."

அவர் போனதும் பேனாவை எடுத்தேன். மே 24லிருந்து ஜூன் 6 வரை நோட்டில் எங்கெல்லாம் 'போட்டாச்சு' என்று எழுதியிருந்தேனோ அங்கெல்லாம் அடித்துவிட்டு 'இரவு போடவில்லை' என்று எழுதினேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. கோணல் எழுத்துதான், ஆனாலும் படிக்க முடிகிறது.

ஜூன் 15, ஞாயிறு

சர்க்கரை 163, 149. காய்ச்சல் லேசாக. இல்லை, சரியாக எழுதுகிறேன்: 100.4. மாத்திரைகளை பெல்சியே எதிரில் நின்று கொடுக்கிறார்.

மத்தியானம் இவர் தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார்.

"ராணி, எனக்கு இருவத்தெட்டாந் தேதியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"அலமாரி தொடைக்கறப்பப் பாத்தேன். பட்டையில நாலு மாத்திரை கூட நின்னுது. நாந்தான் எதையும் எண்ணாம உட மாட்டனே."

மே 28. சீப்பைத் தேடிய நாள்.

"அப்பறம் ஏனுங்க கேக்கல?"

இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். என்னைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

"சித்தரயில ஊசிய நிறுத்துனாங்கல்லோ, அன்னில இருந்து எனக்கு ஊட்டுல என்ன பண்றதுன்னே தெரீல. பதினாறு வருசமா உன்ற மூஞ்சியப் பாத்தே எவ்வளவுன்னு சொல்லுவேன். திடீர்னு அது ஆருக்கும் வேண்டாம்னு ஆயிருச்சு. மாத்திரை மிச்சம் நிக்கறதப் பாத்தப்பக் கேக்கோணும்னுதான் வாயெடுத்தேன். அதுக்குள்ள... பழயபடியே ஆனாத்தான் இப்ப என்னன்னு ஒரு நெனப்பு வந்து உக்காந்துருச்சு. ஒரு நாளுதான் ராணி. அடுத்த நாளு கேக்கலாம்னு பாத்தா, நேத்து ஏன் கேக்கலன்னு நீ கேப்பியேன்னு வெக்கமாப் போச்சு. அப்பறம் உன்ற கை நின்னுது. நீ சிரிச்சுட்டே இருந்தே. அப்படியே உட்டுட்டேன்."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையை இழுத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். இந்த நோட்டில் இனிப் பொய் எழுதுவதில்லை. வந்தது. ஒரு நிமிஷம் நன்றாகவே வந்தது. பொய் சொல்லத் தெரியாதவர் என்று நான் எழுதி வைத்த மனுஷர், இரண்டு வாரம் என்னைவிடச் சுத்தமாக மறைத்திருக்கிறார். அப்புறம் இந்த மனுஷரைப் பார்த்தேன். பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"இத பாருங்க, மாத்திரைய உட்டது நானு. அதுல பாதிப் பங்கு வேணும்னு வந்து நிக்காதீங்க. குடுக்க மாட்டேன்."

"ராணி..."

"சோத்தத் தின்னுங்க. நீங்களும் படுத்துட்டீங்கன்னா பெல்சி உங்களுக்கும் ஒரு நோட்டுக் குடுத்துருவாங்க."

சாப்பிட்டார். முழுவதும்.

ஜூன் 20, வெள்ளி

வீடு. சர்க்கரை 128, 144. காய்ச்சல் இல்லை. மாத்திரை போட்டாச்சு, இரண்டு வேளையும்.

தாக்குதல் நின்றுவிட்டதாம். மிச்சம் இருப்பது முழு வேலைக்குப் போதாது. தினமும் காலையில் ஆறு யூனிட் இன்சுலின் திரும்ப வந்திருக்கிறது. முன்பு நாற்பத்தாறு. ஃப்ரிட்ஜிலிருந்து தக்காளியை எடுத்துவிட்டு இவர் மருந்துப் பெட்டியை உள்ளே வைத்தார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிகிறதா என்று நான் உற்றுப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இல்ல தாயி, சத்தியமா இல்ல" என்றார்.

கேலி செய்ய எத்தனையோ இருந்தது. செய்யவில்லை. ஊசியை நானே போட்டுக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

114, 127. இல்லை. போட்டாச்சு. புது மாத்திரை, காலையில் ஒரே வேளை. நடுக்கம் இருக்கிறது. எவ்வளவு என்று எழுதுகிறேன்: ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயற்சி. ஹசீனாவின் புருவத்துக்கு இருபது நிமிஷம் (முன்பு ஏழு). மணப்பெண்களை இந்த வருஷம் ஹசீனா பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இதுவும் 'வேற எதாவது'தானே சிஸ்டர்?

பரிசோதனைக்குப் போனபோது பெல்சி ஒருவரை என் பக்கத்தில் உட்காரவைத்தார். ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், மீசையே முக்கால் கிலோ இருக்கும். அடுத்த மாதம் அவருக்கும் இதே வைத்தியம்.

"ஏம்மா, இந்த மாத்திரையில முடியெல்லாம் கொட்டுமாமே, நெசமா?" என்று மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"சில பேருக்குக் கொட்டலாமுங்க. எனக்குக் கொட்டல. கை நடுங்குச்சு."

"அப்ப என்ன பண்ணுனே?"

பெல்சி கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் நின்றது.

"ஆருக்கும் சொல்லாம நிறுத்திப்போட்டேனுங்க. பதினாலு நாளு. வந்ததுல பாதி போயிருச்சு. போனது திரும்பி வராதாமுங்க. உங்களுக்கு மீசையில ஒரு முடி கொட்டுனாலும் அன்னிக்கே வந்து இவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. வெக்கப்படாதீங்க."

அவர் ரொம்ப நேரம் மீசையைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

112, 61.

61. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். காலையில் ஊசி போட்டுவிட்டுப் பார்லரில் கூட்டம் என்று மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன். மூன்றரை மணிக்கு உள்ளங்கை ஈரமானது. மின்விசிறி ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன், ஓடியது. நெஞ்சு படபடத்தது. இது என்னவென்று புரியவே எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. எட்டு வருஷமாக என் உடம்பு என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. குத்திப் பார்த்தேன், 61. நானே எழுந்து போய், நானே டப்பாவைத் திறந்து, நானே மூன்று ஸ்பூன் சர்க்கரை சாப்பிட்டேன். வாய் நிறையச் சர்க்கரையோடு அழுதேன். ஹசீனா பயந்துபோய் இவருக்குப் போன் செய்ய எடுத்தாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

மிச்சமிருக்கும் செல்கள் இந்த அளவுக்கு உதவுகின்றன என்று டாக்டர் சொன்னார். பாதிப் பேர் வேலைநிறுத்தம் செய்தாலும் ஆபீஸ் திறந்திருக்கிறது என்று இவர் சொன்னார். மின்வாரியக்காரர், அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் 108. காய்ச்சல் இல்லை. மாத்திரை போட்டாச்சு. ஊசி ஆறு.

ஏப்ரலில் பேசி, பிறகு தள்ளிப்போன ராமேஸ்வரம் டூர் நேற்றுக் கிளம்பியது. இவரைப் பையோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஏறினவர் இரண்டு முறை இறங்கினார். ஒரு முறை மெஷினுக்குப் புது பேட்டரி எங்கே இருக்கிறது என்று சொல்ல. இன்னொரு முறை அதையே சொல்ல. மூன்றாவது முறை டிரைவர் கதவைச் சாத்திவிட்டார்.

இன்று பதினொரு மணிக்குப் போன் வந்தது. நான் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தேன்.

"கடலுக்குப் பக்கத்துல நிக்கறேன் ராணி. சத்தம் கேக்குதா?"

"கேக்குதுங்க."

"அல அவ்வளவா இல்ல. நம்ம மேட்டூரு தண்ணியாட்டம் சிவனேன்னு கெடக்குது. தீர்த்தம் இருவத்திரெண்டு கெணறுல்லோ, பத்தாவதுலயே நம்ம மாரப்பன் செருப்பத் தொலச்சுப்போட்டான். கோயிலுக்குள்ள எதுக்குடா செருப்ப எடுத்துட்டு வந்தேன்னு கேட்டா, வெளிய உட்டாத் தொலஞ்சு போயிருமாமா."

சிரித்தேன். அவர் மேலும் சொன்னார். பாலத்தில் ரயில் போனதை, ரூமில் தண்ணீர் உப்புக் கரித்ததை, நேற்று இரவு பாட்டுப் பாடச் சொல்லி இவரை எல்லோரும் பிடித்துக்கொண்டதை, இவர் பாடியதை. இவர் பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது. பேச்சுக்கு நடுவே இரண்டு முறை நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் என்ன வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் கடலைப் பற்றியே பேசினார்.

எட்டு நிமிஷம் பேசினார். "எவ்வளவு?" என்று கேட்கவே இல்லை.

"சரி ராணி, வெக்கட்டுமா? பந்திக்குக் கூப்புடறாங்க."

"நூத்தியெட்டுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் யாரிடமோ 'நீங்க போங்க, வர்றேன்' என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"நான் கேக்கலியே."

"தெரியுமுங்க. நானாத்தான் சொன்னேன். போய் நல்லாச் சாப்புடுங்க."